கேள்விகள் கடைசி நாளில்

முதலாளித்துவம் பூமியை என்ன பாடு படுத்துகிறது என்பதை நாங்கள் பெசன்ட் நகரில் ஏ.சி. போட்டுக்கொண்டு படித்தோம். குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மே மாதச் சாயங்காலத்தில் அந்த மூன்றாம் மாடி ஹாலில் ஏ.சி. இல்லாமல் யாராலும் எதையும் படிக்க முடியாது, பூமி கொதிக்கிறது என்பதைக்கூட.

ஹால் வெங்கடரமணன் சாருடையது. சார் பொருளாதாரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் மாட வீதியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா வருஷம் தவறாமல் ராமாயணப் பாராயணம் செய்தவராம். சார் கல்லூரி நாளிலேயே ராமரை விட்டுவிட்டார். பாராயணத்தை மட்டும் விட முடியவில்லை. எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது தலையணை தடிமனில் ஓர் ஆங்கிலப் புத்தகம். மூலதனம் காட்டை, மண்ணை, ஆற்றை, கடலை எப்படித் தின்கிறது என்று அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்கிற புத்தகம். அதை அப்பாவின் சிக்குப்பலகையில்தான் வைப்பார். புராணம் வாசிக்கிறவர்கள் தரையில் விரித்து வைப்பார்களே, கத்தரிக்கோல் மாதிரி விரிகிற பலகை, அதுதான். ஒரு பத்தியை ஆங்கிலத்தில் படிப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தமிழில் அர்த்தம் சொல்வார். குரல் அப்படி ஒரு குரல். காடு எரிகிற இடத்தில் எனக்குப் பலமுறை கண் கலங்கியிருக்கிறது.

பாராயணம் என்றால் முறை உண்டு. முன்னுரையில் ஆரம்பித்தால் வரிசையாகத்தான் போக வேண்டும், ஒரு பக்கம்கூடத் தாண்டக் கூடாது. ஆரம்பித்த அத்தியாயத்தை முடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. கேள்வி எதுவானாலும் கடைசி நாள்தான்.

"அரைகுறையாக் கேட்டுட்டுக் கேள்வி கேக்கறவாளாலதான் இந்த நாட்டுல ஒரு இயக்கமும் உருப்படலை" என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டார். "முழுசாக் கேளுங்கோ. மனசுல போட்டு வச்சுக்கோங்கோ. சமாப்தி அன்னிக்கு எல்லாரும் கேக்கலாம்."

சமாப்தி என்பது புத்தகம் முடிகிற நாள். அன்றைக்குப் பாயசம் உண்டு. முதல் தம்ளர் புத்தகத்துக்கு முன்னால் வைக்கப்படும். நாத்திகர்தான், ஆனால் அது "ஒரு மரியாதை" என்பார். பாயசப் பொறுப்பு என் தலையில்.

நான் சாருலதா. இன்ஷூரன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இதே கட்டடத்தில் கீழ்த்தளம். என் சமையலறைக் கதவைத் திறந்தால் கிணறு.

அந்தக் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கு இருந்தது அது ஒன்றுதான். கடற்கரை இரண்டே தெரு தள்ளி. ஆனாலும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். எங்கள் பகுதியில் மணலுக்குள் மழைத் தண்ணீர் ஒரு மெத்தை மாதிரி தங்கியிருக்கிறது. அதற்குக் கீழேயும் பக்கவாட்டிலும் கடல். மெத்தையை மெதுவாகத் தொட்டு எடுத்தால் வருஷம் முழுவதும் கொடுக்கும். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஊரே குடத்தோடு லாரிக்காக நின்றபோது என் கிணறு வற்றவில்லை. குப்பத்திலிருந்து பெண்கள் வந்து மொண்டு போனார்கள். வருகிறவர்கள் போகும்போது "இன்னொரு குடம் மோந்துண்டு போயேன்" என்று சொல்வது எனக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. முப்பது வருஷம் பாலிசி விற்ற எனக்கு அந்த ஒரு கோடையில்தான் நான் யாருக்காவது உபயோகம் என்று தோன்றியது. அந்தக் கிணற்றின்மேல் எனக்கு ஆசை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

அப்படித் தண்ணீருக்கு வந்து பழக்கமானவள்தான் எஸ்தர். கடலோரக் குப்பத்தில் அவள் வீடு. அம்மா தேசம்மா மீன் விற்கிறாள். எஸ்தர் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். வாசிப்பு வட்டத்துக்கு அவளை அழைத்து வந்தது நான். சாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "நம்ம வட்டத்துக்கு எல்லாத் தரப்பும் வரது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எல்லாத் தரப்பும் என்றால் எஸ்தர். மற்ற எல்லாரும் எங்கள் கட்டடம்.

அதில் முக்கியமானவன் கிச்சா. மென்பொருள் கம்பெனியில் பெரிய உத்தியோகம், எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். வட்டத்தில் அவனைப் போல் உன்னிப்பாகக் கேட்பவர் கிடையாது, சில வரிகளைக் கைபேசியில் தட்டி வைத்துக்கொள்வான். அவன் மனைவி சூடாமணி வாராவாரம் ஏதாவது கொண்டுவருவாள். பனிப்பாறை உருகிய அத்தியாயத்துக்குத் தவலை வடை. மீன் வளம் அழிந்த அத்தியாயத்துக்கு வாழைக்காய் பஜ்ஜி.

மே மாதம் நடுவில், பக்கத்துக் கட்டடத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி வந்து நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் படித்தது போட்டியைப் பற்றிய அத்தியாயம். ஒரு தனி முதலாளி நல்லவனாக இருந்து பிரயோஜனமில்லை, அவன் காட்டை வெட்டாவிட்டால் அடுத்தவன் வெட்டுவான், ஆகவே மாற வேண்டியது மனிதர்களின் குணமல்ல, அமைப்பு என்று எழுதியிருந்தது. சார் அதை உருகி உருகிப் படித்தார். படித்து முடித்ததும், கிச்சா எழுந்து நின்று, எல்லாரும் இருக்கும்போதே சங்கக் கூட்டத்தையும் முடித்துவிடலாம் என்றான். ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருந்தது.

"பக்கத்துல முன்னூறு அடி போடறா. நாம போடலேன்னா நம்ம அடியில இருக்கறதையும் சேர்த்து அவா உறிஞ்சிண்டு போயிடுவா. நாமளும் போட்டாகணும்."

"கிச்சா, ஆழமாப் போட்டு இழுத்தா கடல் உள்ள வந்துடும்டா" என்றேன். "நல்ல தண்ணி கொஞ்சம்தான் இருக்கு. அவாகிட்டப் போய்ப் பேசலாம். ரெண்டு கட்டடமும் போடாம இருக்கலாம்."

"மாமி, நான் சொல்லலை. இப்பத்தானே கேட்டேள்?" அவன் கைபேசியை எடுத்து வரியைக் காட்டினான். "தனி மனுஷா ஒழுக்கத்தால ஒண்ணும் ஆகப் போறதில்லை. அமைப்பு மாறணும். அமைப்பு மாறற வரைக்கும் நாம மட்டும் குளிக்காம இருக்க முடியுமா?"

நான் சாரைப் பார்த்தேன். இது அந்த வரியின் அர்த்தமில்லை என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது என்பது என் எண்ணம். நாற்பது வருஷம் வகுப்பெடுத்தும் எந்த மாணவனும் அவர் சொன்னதை அன்றைக்கே நடைமுறைக்குக் கொண்டுவந்ததில்லை.

"சார், தண்ணியைப் பத்தி ஒரு அத்தியாயம் பின்னாடி இருக்கே. பொருளடக்கத்துல பார்த்தேன். அதை மட்டும் முதல்ல படிச்சுடலாமா? அப்புறம் முடிவு பண்ணலாம்."

"தாண்டறதா?" என்றார் சார். அவர் அப்பாவிடம் யாரோ சுந்தர காண்டத்திலிருந்து ஒரேயடியாகப் பட்டாபிஷேகத்துக்குப் போகலாமா என்று கேட்டதைப்போல் அவர் முகம் இருந்தது. "அது நன்னா இருக்காது சாரு. வரிசையா வந்தாத்தான் அது புரியும்."

கை தூக்கச் சொன்னான் கிச்சா. எல்லாக் கையும் உயர்ந்தது, என்னுடையது தவிர. எஸ்தர் எங்கள் கட்டடம் இல்லையே, அவளுக்குக் கையில்லை. அவள் தட்டில் மிச்சமிருந்த பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரமே லாரி எங்கள் வாசலுக்கும் வந்தது. அதே லாரி, அதே திருச்செங்கோட்டு ஆட்கள். பக்கத்துச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு வண்டியைத் திருப்பியதுதான் வித்தியாசம். எவ்வளவு அடி போடப் போகிறீர்கள் என்று அவர்களில் பெரியவரைக் கேட்டேன்.

"அங்க முன்னூறுங்கம்மா. நீங்க முன்னூத்தம்பது சொல்லியிருக்கீங்க. அவிங்க இப்ப மறுபடி கூப்பிட்டு நானூறு கேக்கறாங்க. எங்களுக்கு என்னங்க, சொல்ற அடி போட்டுடுவோமுங்க."

இரண்டு நாள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சாம்பல் நிறச் சேறு பீய்ச்சி என் கிணற்றுச் சுவரெல்லாம் படிந்தது. கழுவிவிட்டேன். கழுவும்போது அழுகை வந்தது, கொஞ்சம் அழுதேன்.

தண்ணீர் அத்தியாயம் ஜூன் கடைசியில் வரிசைப்படி வந்து சேர்ந்தது. கடலோர ஊர்கள் நிலத்தடி நீரை விட்டுக்கொடுக்காமல் உறிஞ்சும்போது, கடல் சத்தமில்லாமல் உள்ளே நடந்து வருகிறது, முதலில் அது ஏழையின் பாத்திரத்தைத்தான் தொடுகிறது என்று ஒரு பத்தி. சார் அதை இரண்டு தரம் படித்தார்.

"என்னமா எழுதியிருக்கார்" என்றாள் சூடாமணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"சார், இது நம்ம கிணறு. நம்மளைத்தான் சொல்றது" என்று நான் வாயைத் திறந்தேன்.

சார் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலை உயர்த்தினார். கடைசி நாள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த எஸ்தரும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அந்த விரலைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். எனக்கு இருந்த எரிச்சலில் அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஜூலையில் என் கிணறு மாறியது. முதலில் சோப்பு நுரைக்கவில்லை. பிறகு கறிவேப்பிலைச் செடியின் இலை நுனியெல்லாம் தீய்ந்தாற்போல் கருகியது. ஒரு நாள் காலை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். துப்பினேன். கிச்சாவிடம் சொன்னேன்.

"ஒரு கிணத்தை வச்சு முடிவுக்கு வர முடியாது மாமி. மழை வரட்டும், சரியாயிடும்."

கட்டடத்தில் வேறு யாருக்கும் இது தெரியவில்லை. அவர்கள் குடிப்பது கேன் தண்ணீர். ஆழ்துளைத் தண்ணீர் தொட்டிக்கு ஏறிக் குளியலறைக்குப் போகிறது. கிணற்றில் தண்ணீர் எடுப்பது நான் ஒருத்திதான். ஒரு தண்ணீர் செத்துப்போனதற்கு நான் ஒருத்திதான் துக்கம் காத்தேன்.

ஆகஸ்டில் சமாப்தி நாள் குறித்தார் சார். முதல் நாள் மாலை என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பாயசத்துக்குக் கேன் தண்ணி வேண்டாம் சாரு. தண்ணியை விலை பேசறதை எதிர்த்து இத்தனை மாசம் படிச்சுட்டு, பாட்டில்காரன் தண்ணியில பாயசம் வச்சா அசிங்கம். நம்ம கிணத்துத் தண்ணியிலேயே பண்ணிடு. அதுதான் நியாயம்."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் கேள்வியும் சமாசாரமும் கடைசி நாளில்தானே என்று ஒரு விஷமம் தலைதூக்கியது.

"ஆகட்டும் சார். கிணத்துத் தண்ணியிலேயே பண்ணிடறேன்" என்றேன்.

மறுநாள் பாசிப்பருப்பு வேகவே இல்லை. குக்கர் கத்திக் கத்தி ஓய்ந்தது, பருப்பு பரல் பரலாக அப்படியே கிடந்தது. மத்தால் மசித்து, வெல்லம் கரைத்து விட்டு, தேங்காய்ப்பால் சேர்த்து, ஏலக்காயும் முந்திரியும் போட்டேன். வாசனை பிரமாதமாக வந்தது. ருசி பார்க்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி, படைக்கிறதைப் படைப்பதற்கு முன் ருசி பார்ப்பதில்லை. அன்றைக்கு அந்த வழக்கம் எனக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது.

கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சார் புத்தகத்தை மூடினார். எல்லாரும் கை தட்டினோம். சிக்குப்பலகைக்கு முன்னால் ஒரு வெள்ளித் தம்ளர் பாயசம் வைத்தேன். பிறகு எல்லாருக்கும் கொடுத்தேன். கதவோரம் நின்றுகொண்டு முகங்களைப் பார்த்தேன்.

சார் முதல் வாய் குடித்தார். அவர் தொண்டை ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு விழுங்கியது.

"பேஷ்" என்றார். "கைப்பக்குவம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு."

"இமயமலை உப்பு ஒரு சிட்டிகை போட்டேளா மாமி? இப்ப எல்லாரும் ஸ்வீட்ல அதைப் போடறா" என்றாள் சூடாமணி.

"சால்டட் காரமெல் மாதிரி" என்றான் கிச்சா. "ஆபீஸ் கேன்டீன்ல இதுக்குத் தனி க்யூ நிக்கும்."

படைத்ததை வேண்டாம் என்று வைக்கக் கூடாது. அதனால் எல்லாரும் குடித்தார்கள். இளித்துக்கொண்டும், முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலும் குடித்தார்கள். எனக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது.

"உப்பு நான் போடலை. அது கிணத்துத் தண்ணி" என்றேன்.

கிச்சாதான் முதலில் தேறினான்.

"அப்ப ஒரு ஆர்.ஓ. பிளான்ட் போட்டுடலாம். மொட்டை மாடியில இடம் இருக்கு. எல்லாரும் இருக்கறச்சேயே கை தூக்கிடுங்கோ."

தூக்கினார்கள். சிலர் கையில் தம்ளரும் சேர்ந்து உயர்ந்தது. என் குளுகுளுப்பு அத்தோடு போயிற்று. அவர்களுக்கு உறைக்க வேண்டும் என்று ஒரு கிணற்றையே கரைத்துக் கொடுத்தேன், அவர்கள் அதை ஒரு மெஷினாக மாற்றிவிட்டார்கள்.

"இப்போ கேள்விகள்" என்றார் சார், தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு.

கிச்சா சூரிய மின்சாரத்தைப் பற்றிக் கேட்டான். சூடாமணி இதற்கு இரண்டாம் பாகம் உண்டா என்று கேட்டாள். அப்புறம் ஒரு கை உயர்ந்தது. எஸ்தர். அவளுடைய தம்ளர் மட்டும் காலியாக இருந்தது.

"சார், நான் கேக்கலாமா?"

"தாராளமாக் கேளும்மா. நீ கேக்கணும்னுதான் எல்லாரும் காத்திண்டிருக்கோம்."

"எங்க தெருப் பம்புல உப்புத் தண்ணி வருது சார். ஜூன் மாசத்துலருந்து." வகுப்பில் பேசுவதைப்போல நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். "எல்லா வீட்டுலயும் இந்த ருசிதான், இப்ப பாயசத்துல வந்ததே அதே ருசி. பழகிப்போச்சு, அதான் குடிச்சிட்டேன். லாரி என்னிக்கு வரும்னு தெரியல. எங்கம்மா மீன் கூடையை வச்சிட்டு நேரா குடத்தைத் தூக்கினு போயி நின்னுகினு கீது. தெருவே நின்னுகினு கீது." நிறுத்தி, மூச்சு விட்டுக்கொண்டாள். "இது எதனாலன்னு அன்னிக்கே கேக்கணும்னு நினைச்சேன், தண்ணி அத்தியாயம் படிச்ச அன்னிக்கு. கடைசி நாள்ல கேக்கணும்னு நீங்க சொன்னீங்க. யார்கிட்டப் போயி இன்னா சொல்லணும் சார்?"

நான் கதவோரத்திலிருந்து வந்து சூடாமணி பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கிணறு, என் துக்கம், என் பழிவாங்கல் என்று நான் இரண்டு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். மெத்தை ஒன்றுதான், அது அவள் தெருவுக்கு அடியிலும் விரிந்திருக்கிறது என்பது தெரிந்திருந்தும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் யார் முகத்தில் அடிக்க நினைத்தேனோ அவர்கள் மேல் அது படவே இல்லை.

சாருடைய கண்கள் பளபளத்தன. உண்மையாகவே அவர் நெகிழ்ந்துபோயிருந்தார், அதில் சந்தேகமில்லை.

"அருமையான கேள்வி" என்றார். "இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே ஆசிரியர் எழுதி வச்சிருக்கார் பாரு."

சிக்குப்பலகையில் புத்தகத்தை மறுபடி விரித்தார். பக்கங்களைத் தள்ளித் தண்ணீர் அத்தியாயத்தை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கிச்சா கைபேசியை எடுத்துக்கொண்டான். சார் முன்னைவிட நன்றாகவே படித்தார்.

எஸ்தர் ஒரு பக்கம் வரைக்கும் கேட்டாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒருத்தரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனாள்.

"பாவம்" என்று சூடாமணி என் காதில் கிசுகிசுத்தாள். "அத்தியாயம் நடுவுல எழுந்திருக்கக் கூடாதுன்னு இன்னும் அவளுக்குத் தெரியலை."

நானும் எழுந்து அவள் பின்னால் படியிறங்கினேன். கேட்டுக்கு அருகில்தான் அவளைப் பிடித்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாய் தன் பழக்கத்தில் தானே பேசிவிட்டது.

"எஸ்தர், ஒரு குடம் மோந்துண்டு போயேன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. எஸ்தர் திரும்பிக் கிணற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள். "அம்மா லாரிக்கு நிக்குது. நான் போயி மாத்தி விடணும்."

தெரு முனை வரைக்கும் அவள் வேகமாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாடியிலிருந்து சாருடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தியாயம் இன்னும் முடியவில்லை.